ரெண்டு புள்ளைக்கு அப்புறம் திரும்பப் படிக்கப் போறீங்களா? முதல்ல பீரோவைத் திறங்க

இது யாருக்குன்னு முதல்லயே சொல்லிடறேன். வயசு முப்பதைத் தாண்டியாச்சு, வீட்ல ஸ்கூல் போற புள்ளைங்க இருக்கு, ஒரு காலத்துல என்னமோ ஆகணும்னு நினைச்சோம் ஆகல, இப்ப மறுபடி எதையாவது படிக்கணும்னு மனசு அரிக்குது ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல, அப்படி இருக்கறவங்களுக்கு. அம்மாவா இருந்தாலும் சரி அப்பாவா இருந்தாலும் சரி. நான் அம்மா, அதனால அம்மா பக்கத்துக் கதைதான் அதிகம் வரும், பொறுத்துக்கங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி. எட்டாவது படிக்கும்போது கலெக்டர் ஆகணும்னு ஆசை, ஆண்டு விழாவுக்கு ஒரு கலெக்டரம்மா வந்திருந்தாங்க, அவங்க கார் கதவை ஒருத்தர் திறந்து விட்டதைப் பார்த்துட்டு வந்த ஆசை அது. பன்னெண்டாவது முடிக்கும்போது அப்பா சொன்னார்னு ஈசிஇ. 2009ல பி.ஈ முடிச்சு வெளிய வந்தப்ப ஊருக்கெல்லாம் ரிசஷன், சென்னையில ஒரு கால் சென்டர்ல ரெண்டு வருஷம் நைட் ஷிப்ட், அப்புறம் கல்யாணம், விருதுநகர் பக்கம் வந்தாச்சு. பொண்ணு, அஞ்சு வருஷம் கழிச்சு பையன். பையனுக்கு மூணு வயசு ஆனப்பதான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைச்சுது, அப்பதான் இந்த அரிப்பும் ஆரம்பிச்சுது.

இப்ப அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல தட்டச்சரா இருக்கேன். அதுக்கு நடுவுல செஞ்ச தப்பு எல்லாத்தையும் வச்சுதான் இதை எழுதறேன்.

சரி, பீரோ

எந்தக் கோர்ஸ் எந்தப் பரீட்சைன்னு யூட்யூப்ல தேடறதுக்கு முன்னாடி சர்ட்டிபிகேட் ஃபைல் எங்க இருக்குன்னு தேடுங்க. என்னோடது முகூர்த்தப் புடவைக்கு அடியில அந்துருண்டை வாசனையோட இருந்துச்சு. பத்தாவது, பன்னெண்டாவது மார்க்‌ஷீட், டிகிரி, டிசி, சாதிச் சான்றிதழ், இதெல்லாம் இருக்கான்னு பாருங்க, ஏதாவது தொலைஞ்சிருந்தா இன்னிக்கே நகலுக்கு எழுதிப் போடுங்க, ஏன்னா அது கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்கு ஆகும், விண்ணப்பம் வந்தப்புறம் ஓடினா கதை முடிஞ்சுது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுக்கங்க.

கல்யாணமான பொண்ணுங்களுக்கு இதுல ஒரு தனித் தலைவலி இருக்கு, இனிஷியல். மார்க்‌ஷீட்ல அப்பா இனிஷியல், ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும் வீட்டுக்காரர் பேரு. விண்ணப்பம் போடும்போது பத்தாவது மார்க்‌ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே பேரைப் போடுங்க. பேரையே மாத்திக்கிட்டவங்கன்னா தமிழ்நாடு அரசிதழ்ல வந்த நகல் கையில இருக்கணும். அப்புறம் சாதிச் சான்றிதழ், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, மாநில அரசு வேலைக்குப் பரீட்சை வச்சு ஆள் எடுக்கற டிஎன்பிஎஸ்சிக்கு அது உங்க அப்பா பேர்ல வாங்கினதா இருக்கணும், கணவர் பேர்ல வாங்கினது செல்லாது. கல்யாணத்துக்கு அப்புறம் வேற எதுக்கோ அவசரத்துக்கு வீட்டுக்காரர் பேர் போட்டு வாங்கி வச்சிருந்தீங்கன்னா அதை ஓரமா வச்சுட்டுப் புதுசா வாங்குங்க.

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிருந்தா படிச்ச ஸ்கூல்ல போய் தமிழ்வழிச் சான்றும் வாங்கிடுங்க. அரசு வேலையில தமிழ்வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு. நான் பி.ஈ இங்கிலீஷ்லதான் படிச்சேன், ஆனா நான் எழுதின டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சைக்குக் (இளநிலை உதவியாளர், தட்டச்சர் மாதிரி வேலைக்கு நடக்கறது) கேக்கற படிப்பு பத்தாவதுதான், அதனால ஒண்ணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சான்று போதும்னு ஆச்சு. ஒண்ணாவது படிச்ச ஸ்கூலுக்கு இருவத்தஞ்சு வருஷம் கழிச்சுப் போனேன், ஹெட்மாஸ்டர் டீச்சர் என்னை விட சின்னப் பொண்ணு.

இன்னொண்ணு. உங்க பேர்ல ஒரு சிம், உங்க போன்ல ஒரு மெயில். சிரிக்காதீங்க. டிஎன்பிஎஸ்சி சைட்ல விண்ணப்பத்துக்கு முன்னாடி பண்ற ஒருமுறைப் பதிவை நான் முதல் தடவை பண்ணும்போது வீட்டுக்காரர் நம்பரைக் குடுத்துட்டேன், கேஸ் புக்கிங்ல இருந்து ஸ்கூல் வரைக்கும் எல்லாத்துக்கும் அவர் நம்பர்தானே குடுத்துப் பழக்கம். கடைசி நாள் சாயங்காலம் பணம் கட்ட உக்காந்தா ஓடிபி அவருக்குப் போகுது, அவர் லைனுக்குப் போயிருக்கார் சாத்தூர் பக்கம், வண்டி ஓட்டிட்டு இருக்கார், போனை எடுக்கல, நான் பதினேழு தடவை கூப்பிட்டேன், அப்புறம் ஒரு டீக்கடையில நிறுத்தி எடுத்து "யாருக்கு என்னாச்சு"ன்னு பதறினார். அன்னிக்கே நம்பரை மாத்தினேன். அந்தப் பதிவுக்கு 150 ரூபா, அஞ்சு வருஷம் செல்லும்.

ஒரு வாரம் நேரத்தை எழுதி வைங்க

தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாள் இருக்கும்ல, அதோட பின்பக்கத்துல ஒரு வாரம் எழுதினேன். காலையில எந்திரிச்சதுல இருந்து எத்தனை மணிக்கு என்ன, நமக்குன்னு யாரும் கூப்பிடாத நேரம் எவ்வளவு. நான் என்ன நினைச்சேன்னா பசங்க ஸ்கூல் போனா ஆறு மணி நேரம் சும்மாதானே இருக்கோம்னு. எழுதிப் பார்த்தா ஒரு வாரத்துக்கு மொத்தம் அஞ்சேகால் மணி நேரம்தான் தேறுது. அதுலயும் முக்கால்வாசி பத்து நிமிஷம் பதினஞ்சு நிமிஷம்னு துண்டு துண்டா. குழாய்ல தண்ணி வர்ற நேரம், வேன் லேட்டாகற நேரம், அத்தையோட சீரியல் ஓடற நேரம். ஒரே மூச்சா கிடைச்சது காலையில நாலே முக்கால்ல இருந்து அஞ்சே முக்கால் வரைக்கும், அதுவும் பையன் எந்திரிக்காத நாள்ல.

ராத்திரி புள்ளைங்க தூங்கினப்புறம் படிக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அது ஒரு நாளும் நடக்கல. பையனைத் தட்டித் தூங்க வைக்கறப்ப அவனுக்கு முன்னாடி நான் தூங்கிடுவேன். உங்களுக்கு நடந்தா நல்லது.

இந்தத் தாளை ஏன் முதல்ல எழுதச் சொல்றேன்னா, நம்ம எல்லாரும் கனவை முதல்ல எடுத்து வச்சுக்கிட்டு அதுக்கு நேரம் தேடறோம். புள்ளை பெத்தவங்களுக்கு அது உதவாது. இருக்கிற நேரத்தைக் கையில வச்சுக்கிட்டு அதுக்குள்ள எது அடங்கும்னு பாருங்க. வாரத்துக்கு அஞ்சு மணி நேரம்னா டைப்ரைட்டிங் ஒண்ணு அடங்கும், தொலைநிலையில ஒரு டிகிரி மெதுவா அடங்கும், குரூப் 4 ஒன்றரை வருஷத்துல அடங்கும். குரூப் 1, நீட், சிஏ எல்லாம் அடங்காது. நான் கலெக்டர் ஆசையை அந்தக் காலண்டர் தாளைப் பார்த்துதான் விட்டேன், பெருசா அழுகையெல்லாம் வரல.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். கேரளாவுல கார்த்தியாயினி அம்மா 96 வயசுல எழுத்தறிவுத் தேர்வு எழுதி 2018ல 100க்கு 98 வாங்கினாங்க. பெரிய மனுஷி. ஆனா நான் படிக்கறேன்னு சொன்னதும் சொந்தக்காரங்க ஆளாளுக்கு அந்த வீடியோவை அனுப்பினாங்க, படிக்கற நேரத்துக்குப் பையனைப் பாத்துக்கறேன்னு ஒருத்தரும் சொல்லல. ஊக்கம் குறைச்சலா இருந்து நம்ம நிக்கல, ஆள் குறைச்சலா இருந்துதான் நிக்கறோம்.

எந்த வழி?

நாலு வழி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், இதுல ஒண்ணு ரெண்டு நான் போனது, மத்தது பக்கத்துல இருக்கவங்க போனது.

பத்தாவதோ பன்னெண்டாவதோ பாதியில விட்டவங்க வேற எதையும் பார்க்க வேணாம், தனித்தேர்வரா அதையே எழுதி முடிங்க. அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் நடத்துது, நம்ம புள்ளைங்க எழுதற அதே பரீட்சை. எங்க தெருவுல லேத் பட்டறையில வேலை பார்க்கற அண்ணன் ஒருத்தர் நாப்பத்தி ரெண்டு வயசுல அப்படித்தான் பன்னெண்டாவது எழுதினார், ஹால்ல எல்லாரும் அவரை சூப்பர்வைசர்னு நினைச்சு எந்திரிச்சு நின்னாங்களாம். இதை ஏன் முதல்ல முடிக்கணும்னா, பத்து, பன்னெண்டு, அப்புறம் டிகிரி, இந்த வரிசையில வராத டிகிரியை டிஎன்பிஎஸ்சி ஏத்துக்கறதில்ல. "பள்ளிப் படிப்பே வேணாம், நேரா டிகிரி"ன்னு போஸ்டர் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்தவங்க எத்தனையோ பேர்.

டிகிரி வேணும்னா தொலைநிலைக் கல்வி. மத்திய அரசோட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்னோ 1985ல இருந்து இருக்கு, நம்ம தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல வந்துச்சு, சைதாப்பேட்டையில. சேர்க்கை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரி, ஜூலை. பெத்தவங்களுக்கு இக்னோல ஒரு நல்லது என்னன்னா மூணு வருஷ பி.ஏ.வை ஆறு வருஷம் வரைக்கும் முடிக்கலாம், ரெண்டு வருஷ எம்.ஏ.வுக்கு நாலு வருஷம். புள்ளைக்கு டெங்குன்னா அந்த டேர்ம்ல ஒரு பேப்பரோட நிறுத்திக்கலாம், வருஷம் போச்சுன்னு ஆகாது. எந்த யூனிவர்சிட்டியா இருந்தாலும் அந்தக் கோர்ஸுக்கு யுஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கான்னு அவங்க சைட்லயே பாருங்க. இப்ப சேரணும்னா முதல்ல ஏபிசி ஐடி (நம்ம படிப்புக் கணக்குக்கான நம்பர்), அதை வச்சு அந்தத் தொலைநிலைப் பிரிவோட டெப் ஐடி எடுக்கணும், ரெண்டும் இலவசம், யாருக்கும் காசு குடுக்காதீங்க. நர்சிங், பிசியோதெரபி, இன்ஜினியரிங், சட்டம் இதெல்லாம் தொலைநிலையில கிடையவே கிடையாது, யாராவது தர்றோம்னா அது வெறும் பேப்பர். 2022ல இருந்து ரெண்டு டிகிரி ஒரே நேரத்துலயும் படிக்கலாம், ஆனா அந்தக் காலண்டர் தாளை இன்னொரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

ஏற்கனவே வேலையில இருந்து ஐடி பக்கமோ வேற பக்கமோ தாவணும்னா என்பிடெல், ஸ்வயம்னு ஆன்லைன் பாடம் நடத்தற அரசு சைட்டுங்க இருக்கு. நாலு வாரம், எட்டு வாரம், பன்னெண்டு வாரம்னு கோர்ஸ் இருக்கும், பாடம் கேக்க காசு இல்ல, சர்ட்டிபிகேட் வேணும்னா மட்டும் ஆயிரம் ரூபா கட்டி நேர்ல போய் பரீட்சை எழுதணும். சென்னை ஐஐடி 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரிக்கும் வயசு வரம்பு இல்ல, பாதியில நிறுத்தினாலும் அதுவரைக்கும் முடிச்சதுக்கு ஏத்த சர்ட்டிபிகேட், டிப்ளமான்னு தர்றாங்க. கணக்கு துருப்பிடிச்சிருந்தா அதுல ரொம்ப திணறுவீங்க. எனக்குத் துருதான், பக்கத்துலயே போகல.

கடைசியா குரூப் 4. இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

குரூப் 4ஐ வீட்ல இருந்து எழுதறது

ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ இல்ல. மூணு மணி நேரம், 200 கேள்வி, 300 மார்க். அதுல நூறு கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழ்ப் பகுதியில 40 சதவீதம் வாங்கினாத்தான் மிச்சத்தையே திருத்துவாங்க. தப்பா எழுதினா மார்க் குறைக்கறதில்ல. பத்தாவது போதும்.

"எனக்கு வயசு ஆயிடுச்சு"ன்னு நிறைய பேர் விண்ணப்பத்தையே திறக்காம மூடிடறாங்க. பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி, அப்புறம் எல்லாப் பிரிவுலயும் ஆதரவற்ற விதவைகள், இவங்க பத்தாவதுக்கு மேல படிச்சிருந்தாங்கன்னா இளநிலை உதவியாளர், தட்டச்சர் மாதிரி பதவிக்கு உச்ச வயசு வரம்பு கிடையாது, அறுபது ஆகியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். விஏஓவுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) தனி வரம்பு உண்டு, மத்த பிரிவினருக்கும் வரம்பு உண்டு, அந்தந்த வருஷ அறிவிக்கையில வயசுப் பட்டியலைப் பொறுமையா ஒரு தடவை படிங்க. பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கீடு தனியா இருக்கு.

போட்டி எப்படின்னா, 2024ல அறிவிப்பு வந்தப்ப 6,244 இடம், விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல. இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டு ஆரம்பத்துல நானும் பயந்தேன். அந்தப் பயத்துலதான் 2021 கடைசியில ஒரு கோச்சிங் சென்டர்ல பதினெட்டாயிரம் கட்டிச் சேர்ந்தேன், காலையில பத்து மணி பேட்ச்னு சொல்லித்தான் சேர்த்தாங்க, மூணாவது வாரம் அதை சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திட்டாங்க, ஆறு மணிக்கு எந்தப் புள்ளைக்காரி வீட்டை விட்டு வர முடியும்? பணமும் திரும்பல. பணம் கட்டறதுக்கு முன்னாடி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, இலவசமாவே கிளாஸ் எடுக்கறாங்க, அதைப் போய்ப் பாருங்க. எனக்கு அது அந்தப் பதினெட்டாயிரம் போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

2022 ஜூலை 24, முதல் தடவை. கைடு நாலு வாங்கி எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சிருந்தேன். பொது அறிவுல தெரிஞ்ச கேள்வி மாதிரியே இருக்கும், விடை வராது. விடைக்குறிப்பு வந்த அன்னிக்கே தெரிஞ்சுது, தேறாதுன்னு.

ரெண்டாவது தடவை கைடு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு ஸ்கூல் புக்கை மட்டும் எடுத்தேன். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ், அப்புறம் சமூக அறிவியல், அறிவியல். பாடநூல் கழகத்தோட சைட்ல எல்லாமே இலவசமா இறக்கிக்கலாம், எனக்குக் கையில புக் இருந்தாத்தான் மனசு நிக்கும்னு பழைய புத்தகக் கடையில வாங்கினேன், யாரோ ஒரு பையன் புக் முழுக்க மீசை வரைஞ்சு வச்சிருந்தான்.

தமிழை முதல்ல எடுங்க, பாதிப் பரீட்சை அதுதான். இலக்கணம்னா கை கால் உதறும் எனக்கு. ஆனா அடுப்படியில நின்னு படிச்சப்பதான் அது புடிபட்டுச்சு. ஒருநாள் பெயரெச்சம் வினையெச்சம் குழம்பிட்டு நிக்கறேன், சோறு கொதிக்குது. வெந்த சோறு. வெந்து வடிஞ்ச சோறு. முதல் "வெந்த"வுக்குப் பின்னால பேர் வருது, சோறு, அது பெயரெச்சம். "வெந்து"வுக்குப் பின்னால இன்னொரு வேலை வருது, வடியறது, அது வினையெச்சம். அடடான்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அரைச்ச மாவு, அரைச்சு வச்ச மாவு, தொவைச்ச துணி, தொவைச்சுக் காயப்போட்ட துணின்னு ஒரு வாரம் வீடு பூரா எச்சம்தான். பொண்ணு அப்ப நாலாவது, "அம்மா தனியா பேசிக்குது"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டா.

துண்டு நேரத்துக்குத் துண்டு வேலை வைங்க. குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள பத்து கேள்வி. வேனுக்கு நிக்கும்போது நூலும் ஆசிரியரும். நானே வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணின பாடத்தை தோசை ஊத்தும்போது ஹெட்செட்ல கேப்பேன், நம்ம குரல் நமக்கே கண்றாவியா இருக்கும், ஆனா தலையில நிக்கும். அந்தக் காலை ஒரு மணி நேரத்தை மட்டும் கணக்குக்கும் புதுப் பாடத்துக்கும் வச்சுக்கிட்டேன். பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் அப்படியே உக்காந்து எழுதிப் பார்த்தேன். வீட்ல உக்காந்தா நடக்காது, மாவட்ட மைய நூலகத்துக்குப் போயிடுவேன். மதுரைக்காரங்களுக்கு 2023 ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, சென்னைக்காரங்களுக்கு கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. ஒருத்தர் புள்ளையோட அங்க உக்காந்துக்கிட்டா இன்னொருத்தர் படிக்கலாம், வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போறதுக்கு இதை விட நல்ல சாக்கு கிடைக்காது.

டைப்ரைட்டிங்

குரூப் 4 எழுதற அம்மாக்கள்கிட்ட நான் கேக்கற முதல் கேள்வி, டைப்பிங் முடிச்சிருக்கீங்களா? டைப்பிங்ல ஜூனியர், அதுக்கு மேல சீனியர்னு ரெண்டு நிலை. தட்டச்சர் பதவிக்குத் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் வேணும், ரெண்டும் சீனியர்னா முதல் இடம், ஒண்ணு சீனியர் ஒண்ணு ஜூனியர்னா அடுத்த இடம். இது முடிச்சவங்க கூட்டம் கம்மி, அதனால பொதுவா தட்டச்சர் கட் ஆஃப் இளநிலை உதவியாளரை விடக் கீழதான் நிக்கும். ஆபீஸ் ஆட்டோமேஷன்னு கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் ஒண்ணும் கேப்பாங்க, அதை வேலைக்குப் போனப்புறமும் முடிச்சுக்கலாம்.

2022 செப்டம்பர்ல சேர்ந்தேன், காலையில ஆறு மணி கிளாஸ். மாடியில ஓட்டுக் கொட்டகை, பன்னெண்டு மிஷின், எல்லாம் என் வயசு இருக்கும். முதல் நாள் மாஸ்டர் தாளைச் சொருகி ரோலரைத் திருகிக் காமிச்சுட்டு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே, இதையே பக்கம் பூரா அடிங்கன்னுட்டுப் போயிட்டார். கம்ப்யூட்டர்ல தடவிப் பழகின கை, சுண்டு விரலுக்கு பலமே இல்ல, ஏ எழுத்து மட்டும் ஆவி மாதிரி மங்கலா விழுது. பக்கத்து மிஷின்ல ஒன்பதாவது படிக்கிற பையன், பாக்காமலே சடசடன்னு அடிக்கறான், லைன் முடிஞ்சு மணி அடிச்சதும் ஒரே தள்ளுல கேரியேஜைத் தள்ளறான். "ஆன்ட்டி, விரலால அழுத்தாதீங்க, கொத்துங்க"ன்னான். அவன் சொன்னதுதான் சரி. கோழி மாதிரி கொத்தணும்.

ஜூனியர் நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியர் 45. பரீட்சை வருஷத்துக்கு ரெண்டு தடவை, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துது. நான் ரெண்டு ஜூனியரையும் ஒரே சீசன்ல முடிச்சேன், அடுத்த சீசன்ல இங்கிலீஷ் சீனியர். மூளைக்கு வேலை இல்லாம கைக்கு மட்டும் வேலை குடுக்கற படிப்பு, வீட்டு அலுப்புக்கு அது ஒரு மருந்து மாதிரி இருந்துச்சு, உண்மையைச் சொன்னா அந்த ஆறு மணிக் கிளாஸ்தான் நான் நாள் முழுக்க எதிர்பார்த்த நேரம்.

வீட்ல எப்படிச் சொல்றது

"நான் படிக்கப் போறேன்"னு பொதுவா சொல்லாதீங்க. தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. "செவ்வாய், வியாழன், சனி காலையில அஞ்சே முக்கால்ல இருந்து ஏழே கால் வரைக்கும் நான் வீட்ல இருக்க மாட்டேன், அந்த நேரத்துக்குப் பால் காய்ச்சறதும் பையனை பாத்ரூம் கூட்டிட்டுப் போறதும் உங்க வேலை"ன்னு சொல்லுங்க. வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார், "டிபன்?"னார். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னேன். முதல் மாசம் தோசை இலங்கை மேப் மாதிரி வந்துச்சாம், இப்ப என்னை விட நல்லா ஊத்தறார்.

அத்தைக்குத்தான் சங்கடம், "இருக்கிறது போதாதா, இந்த வயசுல எதுக்கும்மா"ன்னாங்க. நான் எதுத்துப் பேசல. பழைய திருக்குறள் உரை ஒண்ணு அவங்ககிட்ட இருந்துச்சு, அதைக் கேட்டு வாங்கி, குறளைச் சொல்லுங்க நான் சரியா முடிக்கறேனான்னு பாருங்கன்னு உக்காந்தேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, இருநூறு குறள் மனப்பாடமா வச்சிருக்காங்க, யாரும் கேட்டதில்ல அவங்களை. அதுக்கப்புறம் சீரியல் நேரத்துல பையனை அவங்களே மடியில போட்டுக்கிட்டாங்க.

புள்ளைங்ககிட்ட மறைக்காதீங்க, பரீட்சையில போனா போனதையும் சொல்லுங்க. முதல் தடவை ரிசல்ட் வந்தப்ப நான் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து ஒண்ணும் இல்லன்னேன், பொண்ணு ரெண்டு நாள் பயந்து போயிட்டா, தாத்தாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருக்கா.

காசு விஷயம் சுருக்கமா. குரூப் 4 தேர்வுக் கட்டணம் நூறு ரூபா, பிசி எம்பிசிக்கு மூணு தடவை இலவசம், எஸ்சி எஸ்டிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் கட்டணமே இல்ல. கடன் வாங்கிப் படிக்கற வேலை இந்த வயசுல வேணாம். நான் ஒரு சின்னச் சீட்டு போட்டு அதுல வந்ததை மட்டும் செலவு பண்ணினேன்.

கனவு நடுவுல மாறினா

மாறும். 2024 ஜூன் 9 எழுதினேன், அக்டோபர் கடைசியில ரிசல்ட், அடுத்த வருஷம் கவுன்சிலிங், தட்டச்சர். சந்தோஷம்தான். ஆனா பரீட்சைக்குன்னு படிச்ச தமிழ் என்னை விடல. ஈசிஇ படிச்ச நாலு வருஷத்துல ஒரு நாளும் வராத ருசி அந்தப் பழைய புத்தகக் கடைத் தமிழ்ப் புக்குல வந்துடுச்சு. இப்ப தொலைநிலையில எம்.ஏ தமிழ் சேர்ந்திருக்கேன். எல்லாரும் "இன்கிரிமென்ட் வருமா"ன்னு கேக்கறாங்க. வராது. ஸ்கூல் வாத்தியார் வேலையும் கிடைக்காது, முதுகலை ஆசிரியருக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா இருக்கணும், என் இளங்கலை எலக்ட்ரானிக்ஸ். இதெல்லாம் தெரிஞ்சுதான் சேர்ந்தேன், நீங்களும் இந்த மாதிரி பாடம் மாத்தறதுன்னா முதல்லயே தெரிஞ்சுக்கிட்டுச் சேருங்க. ஒரே ஒரு கதவு இருக்கு, யுஜிசி நெட், காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகறதுக்கான தகுதித் தேர்வு. முதுகலையில 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயசு வரம்பே இல்ல, ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குத்தான் வரம்பு. அதை எழுதுவேனான்னு இப்ப சொல்லத் தெரியல, புதுக் காலண்டர் தாள் ஒண்ணு எழுதிப் பார்க்கணும், ஆபீஸ் வேற சேர்ந்துடுச்சுல்ல, நாலு மணி நேரம் தேறினா பெருசு.

டிசம்பர்ல எனக்கும் பொண்ணுக்கும் ஒரே வாரத்துல பரீட்சை, அவளுக்கு ஏழாவது அரையாண்டு. வீட்ல டேபிள் ஒண்ணுதான், ஃபேன் பக்கம் யாருக்குன்னு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. அவ ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கா, வினையெச்சம் நான் சொல்லிக் குடுத்தா ஃபேன் எனக்கு.